புயலை நினைத்து ஒரு விளக்கு

பேராவூரணி

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதத்தில் இரண்டு சேதியும் இனிப்பான சேதி. அண்ணன் ரிட்டயராகி நீங்கள் மன்னார்குடி வீட்டுக்கே வந்துவிடப் போகிறீர்கள் என்பது ஒன்று. அதற்கு முன்னால் பேரப்பிள்ளைகளோடு கொல்லிமலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாய் என்பது இன்னொன்று. ஹாஸ்டலில் கரப்பான்பூச்சிக்குப் பயந்து கட்டில்மேல் ஏறி நின்றவள் நீ! இப்போது 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய்த் தரையில் படுக்கப் போகிறாயாம். போய் வாடி, பிள்ளைகள் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகள் காய்க்க ஆரம்பித்துவிட்டன. இவர் காலையும் மாலையும் தோப்பைச் சுற்றி வந்து குலை எண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்கு முழங்கால்தான் தகராறு. மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குறைத்தபாடில்லை.

சரி, விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். 'கூடாரத்துக்கும் ஆகணும், கரண்ட் போனாலும் ஆகணும், ஒரே சோலார் விளக்காச் சொல்லு, நீதானே பிஸிக்ஸ் டீச்சர்' என்று எழுதியிருக்கிறாய். புயலை நினைத்து வாங்கு மலர். கொல்லிமலையில் ஓர் இரவோ இரண்டு இரவோதான் இருக்கப் போகிறாய். வீட்டிலேயே முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால் எந்த விளக்கும் அதற்குத் தாங்கும், சோலாரே வேண்டாம். மன்னார்குடிக்கு அப்படி இல்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நீ கோவையில் இருந்தாய். டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேலே மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் ஈ.பி.காரர்கள் வந்து இரவு பகலாகக் கம்பம் நட்டார்கள். அப்படியும் உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். போனுக்குச் சார்ஜ் போட அதே ஜெனரேட்டர் முன்னால் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். பரணிலிருந்து இறக்கிய பழைய எமர்ஜென்சி லைட் ஒன்றும் எரியவில்லை. அதற்குள் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் தகடு உப்புப் பூத்துச் செத்துவிடும்.

அப்போது ஒன்று கவனித்தேன். புயல் அன்றும் அதையொட்டிய நாட்களிலும் வானம் மூட்டமாக இருக்கும், சோலார் பேனல் இருந்தும் பெரிய பிரயோசனம் இல்லை. பிறகு வெயில் வந்துவிடும், கரண்ட்தான் வராது. அதனால் நான் பார்க்கும் கணக்கு இரண்டுதான். வெயிலே இல்லாமல் மூன்று இரவு பேட்டரி தாங்க வேண்டும். வெயில் வந்தபின், ஓர் இரவு செலவழித்ததை ஒரே பகலில் பேனல் ஏற்றிவிட வேண்டும். தொட்டி பெரிதாக இருந்தும் குழாய் நூலாக ஒழுகினால் என்னாகும்? அந்த மாதிரி விளக்குகளைத்தான் முக்கால்வாசி விற்கிறார்கள்.

எண்களோடு சொல்கிறேன், கொட்டாவி விடாதே. வெளிச்சத்தை லூமன் கணக்கில் அளப்பார்கள். ஒரு மெழுகுவத்தி ஏறக்குறைய 12 லூமன். நூறு லூமன் இருந்தால் நடுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், பிள்ளை படிக்கலாம். இப்போதைய எல்.ஈ.டி.க்கு நூறு லூமன் தர ஒரு வாட் போதும். ஒரு ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து வாட்-அவர், வழியில் வீணாவதையும் சேர்த்தால் ஆறு. மூன்று ராத்திரிக்குப் பதினெட்டு. பெட்டியில் இது மில்லி ஆம்பியர்-அவர் (mAh) கணக்கில்தான் போட்டிருக்கும். அதை ஆயிரத்தால் வகுத்து, லித்தியம் அயான் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கிக்கொள். 5000 என்று போட்டிருந்தால் 18.5 வாட்-அவர், நமக்குச் சரியாக வரும்.

பெட்டியில் போடுவதையெல்லாம் நம்பவும் கூடாது. உள்ளே பெரும்பாலும் 18650 என்கிற உருளை செல் இருக்கும், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயர். நல்ல கம்பெனி செய்தாலும் அந்த அளவு செல்லுக்குள் சுமார் 3500 மில்லி ஆம்பியர்-அவருக்கு மேல் அடைக்க முடியாது. ஒற்றை செல்லின்மேல் 9900 என்று அச்சடித்து விற்கிறார்கள்! அப்படி ஒன்றைப் பார்த்தால் விலை கேட்காமலே நகர்ந்துவிடு. பேட்டரியில் பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் அதோடு R என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா பார்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று போட்ட பேட்டரி கிடைத்தால் இரண்டு காசு கூடக் கொடுத்தும் வாங்கலாம். எடை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் நம் ஊர் வெக்கையைத் தாங்கும். சாதாரண லித்தியம் அயான் ஐந்நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கினால் தளர ஆரம்பித்துவிடும், இது ஆயிரத்துக்கு மேலே போகும். பெருக்கும்போது மட்டும் 3.7க்குப் பதிலாக 3.2 போட்டுக்கொள்.

பேனலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விளக்கின் தலையிலேயே உள்ளங்கை அகலத்தில் பதித்து வருகிறதே, அது நல்ல வெயிலில்கூட ஒரு வாட் தேறாது. நம் பக்கம் ஒரு நாளில் உருப்படியான வெயில் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், அதை நம்பிப் பதினெட்டு வாட்-அவர் பேட்டரியை நிரப்ப நான்கு நாளாவது ஆகும். அதோடு பேனலுக்கு வெயில் வேண்டும், பேட்டரிக்கு வெயில் ஆகாது. இரண்டையும் ஒன்றாக ஒட்டி மொட்டைமாடியில் வைத்தால் கொதித்துக் கொதித்தே பேட்டரிக்கு ஆயுசு குறையும். அதனால் வயரோடு தனியாக வரும் பேனல்தான் வாங்க வேண்டும். பேனல் ஓட்டின்மேல் கிடக்கட்டும், விளக்கு தாழ்வாரத்து நிழலில் இருக்கட்டும். மூன்று வாட்டுக்குக் குறையாமல் பார், ஐந்து இருந்தால் மேகம் ஓடுகிற நாளிலும் கவலையில்லை. மடித்துக் கைப்பையில் வைக்கலாம், பலூன் போல ஊதிக்கொள்ளலாம் என்று அழகழகாக வருகின்றன. கொல்லிமலைக்கு ஒன்று ஆசைக்கு வாங்கிக்கொள், பேத்திக்குப் பிடிக்கும். வீட்டுக்கு அதை எண்ணாதே.

டைப்-சி சார்ஜரிலும் ஏறுகிற விளக்காக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதே. வானிலை ஆய்வு மையம் புயல் என்று சொன்ன உடனே செய்ய வேண்டிய முதல் காரியம், கரண்ட் இருக்கும்போதே அதைச் சுவர் பிளக்கில் மாட்டி முழுச் சார்ஜ் ஏற்றுவதுதான். சோலார் என்பது அதற்குப் பிந்தைய நாட்களுக்கு.

வெளிச்சம் மூன்று நிலையிலாவது குறைக்க முடிய வேண்டும். இரவில் பாத்ரூமுக்கு வழி தெரிய இருபது லூமன் போதும். நிறம் மஞ்சளாகவே வாங்கு. நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சிகள் அதிகம் வரும். மழைக்கு மறுநாள் சாயங்காலம் ஈசல் கிளம்பினால் சோற்றுத் தட்டில் என்ன விழும் என்று டெல்டாக்காரிக்கு நான் சொல்ல வேண்டுமா! கூடாரத்துக்குள்ளும் மஞ்சள்தான் கண்ணுக்கு இதம், மேலே தொங்கவிடக் கொக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

தண்ணீர் படுவதற்கு ஐ.பி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது இலக்கம் 4 என்றால் சாரல் தாங்கும், 5 என்றால் பீய்ச்சியடித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. நமக்கு 65 போதும். சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் இந்த எண்ணுக்கெல்லாம் அர்த்தமில்லை.

'போனுக்கும் சார்ஜ் ஏறும்' என்பதை வைத்து முடிவெடுக்காதே. ஏறும், ஆனால் இப்போதைய போன் பேட்டரியே 5000 வருகிறது. போனை நிரப்பினால் மூன்று ராத்திரி வெளிச்சமும் அதிலேயே போய்விடும். உன் மாமியாருக்கு இரவில் எழுந்து நடக்க விளக்கு வேண்டும், அண்ணனுக்குப் பேரனோடு வீடியோவில் பேச வேண்டும். எது ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியும். போனுக்குத் தனியாக ஒரு பவர் பேங்க் வைத்துவிடு, வீட்டில் சண்டை வராது.

வாங்கியதைப் பரணில் போட்டுவிடாதே. பாதிச் சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றி வை. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தும் நாளில் அதையே எரியவிட்டுப் பார். அப்போதே எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். அக்டோபர் பிறந்ததும் முழுச் சார்ஜ்.

ஒரு காரியம் செய். மன்னார்குடி வீட்டு ஓட்டின்மேல் பகல் பத்திலிருந்து மூன்று வரை எங்கே நிழல் விழாமல் இருக்கிறது என்று மாமியாரைக் கேட்டு எழுது. மழைக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், பேனலும் தெற்கே பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டு வேப்பமரம் இன்னும் இருக்கிறதா? ஒரு கிளையின் நிழல் பேனலின் மூலையில் விழுந்தாலே உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விடலாம், செல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் வருகிற வினை. மரம் இருந்தால் வயர் நீளமாக உள்ள பேனலாகப் பார்க்க வேண்டும். உன் பதில் வந்ததும் இங்கே பட்டுக்கோட்டைக் கடைகளில் என்ன இருக்கிறது என்று இவரை அனுப்பி விசாரிக்கச் சொல்கிறேன்.

செம்மொழி எக்ஸ்பிரஸில் என்றைக்கு ஏறுகிறாய் என்று தெரியப்படுத்து. தேங்காய் பத்துக் காய் உரித்து வைக்கிறேன். மாமியாருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வசந்தா