கிழிந்த புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள்: மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிளை நூலகத்தில் சென்ற மாதம் சிறுவர் நூல்கள் கழிவு செய்யப்பட்டது தங்களுக்குத் தெரியும். பட்டியலுக்கு ஒப்புதல் தந்ததே தங்கள் அலுவலகம்தான். இது பற்றி இரண்டு கடிதங்கள் அனுப்பினேன், பதில் வரவில்லை. அதனால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். கிழிந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு சிறுவர் நூலைக் கழித்துவிடாதீர்கள். முதலில் பைண்ட் செய்யுங்கள்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த நூலகத்துக்குப் போயிருந்தேன். நான் சிறுவயதில் திரும்பத் திரும்பப் படித்த 'அப்பா சிறுவனாக இருந்தபோது' புத்தகத்தை அவள் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். ஜன்னலோரம் இருந்த சிறுவர் பீரோ காலியாக இருந்தது. "அட்டை போனது, பக்கம் கிழிந்தது எல்லாத்தையும் மூட்டை கட்டி எடைக்குப் போட்டாச்சு சார். புதுசா கடையில வாங்கிக்கோங்க" என்றார் நூலகர். மகள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அது அலெக்சாந்தர் ரஸ்கின் என்ற ரஷ்யர் எழுதிய புத்தகம். உடம்பு சரியில்லாத மகளைத் தேற்றுவதற்காகத் தான் சிறுவனாக இருந்தபோது செய்த தப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்ன அப்பா அவர். புதுப் பந்தைக் காருக்கு அடியில் வீசிப் பார்க்கிறான் அந்தப் பையன். மருத்துவம் பார்க்க வந்த பேராசிரியரைக் கடித்தும் வைக்கிறான். 1987-இல் நான்காம் வகுப்பில் இதை முதல் தடவை படித்தேன். எங்கள் வீட்டில் பாடப் புத்தகம் தவிர அச்சடித்த தாள் என்றால் நாள்காட்டியும் ரேஷன் கார்டும்தான். அப்பா மில் தொழிலாளி. அதிகம் பேச மாட்டார். அவர் எதிரில் உட்காரவே எங்களுக்குப் பயம். அந்தப் புத்தகத்தைப் படித்த தைரியத்தில் ஒரு நாள் ராத்திரி, "நீங்க சின்னப் பையனா இருந்தப்ப என்ன தப்புப்பா செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாளியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் அத்தை வீட்டில் ஒளிந்துகொண்ட கதையைச் சொன்னார். அப்பா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன்பிறகு அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதும் மறுவாரமே மறுபடி எடுப்பதுமாக இருந்தேன். கதை முழுக்க மனப்பாடம். ஆனால் புத்தகம் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அப்பாவிடமிருந்து இன்னொரு கதை கிடைக்கும். பதினொரு தடவை எடுத்தேன். பந்துக் கதை இருந்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பந்து வரைந்து வைத்தேன். நூலகப் புத்தகத்தில் அப்படிக் கிறுக்கியது தவறுதான். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பந்தை மகளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் போனேன்.

ஐயா, எந்தப் புத்தகம் கிழிகிறது என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். யாரும் தொடாத புத்தகம் முப்பது வருஷம் ஆனாலும் மொடமொடவென்று புதிதாக இருக்கும். எச்சில் தொட்டுப் புரட்டப்பட்டு, தலையணைக்கு அடியில் வைக்கப்பட்டு, தம்பியோடு சண்டையில் இழுபட்ட புத்தகம்தான் கிழியும். கெட்டியாக இருப்பதை வைத்துக்கொண்டு கிழிந்ததைக் கழித்தால், பிள்ளைகள் விரும்பியதை எல்லாம் அனுப்பிவிட்டு விரும்பாததைப் பாதுகாக்கிறோம் என்று ஆகிறது. எது விரும்பப்பட்டது என்று யாரையும் கேட்கக்கூட வேண்டாம், ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் தேதி குத்துவதற்காகக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்த்தாலே போதும். பழைய பேப்பர் கடைக்குப் போய் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு வருஷ அம்புலிமாமா இதழ்களைச் சேர்த்து பைண்ட் செய்த தொகுதி ஒன்று அதில் இருந்தது. இடம் போதாமல் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு தேதிச் சீட்டுகள் ஒட்டியிருந்தார்கள். அந்தப் புத்தகத்தைக் கழித்தவர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

புதிதாக வாங்கலாம் என்கிறார்கள். நான் சம்பாதிக்கிறேன், எனக்கு வேண்டியதைத் தேடி வாங்கிக்கொள்வேன். ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்று வந்து உட்காரும் பிள்ளை எதை வாங்கும்? அதோடு, எல்லாவற்றையும் வாங்கவும் முடியாது. முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் மாஸ்கோவில் தமிழில் அச்சிட்டு அனுப்பிய சிறுவர் நூல்களின் வரத்து, 1991-இல் சோவியத் யூனியன் கலைந்ததோடு நின்றுபோனது. சில மறுபதிப்பு கண்டன, பல காணவில்லை. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் ஒரு பிரதி 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையில் உள்ள கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மாஸ்கோவில் வெளியானவற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கிளை நூலகத்துப் பீரோவில் இருந்த பிரதி ஊரிலேயே கடைசிப் பிரதியாக இருந்திருக்கலாம்.

எங்கள் நூலகரை நான் குறை சொல்லவில்லை. கதவைத் திறப்பதிலிருந்து கூட்டிப் பெருக்குவதுவரை அவர் ஒருவரே பார்க்கிறார். மழை பெய்தால் நாளிதழ்களைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்கிறார். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இலும் மதுரையில் 2023-இலும் பெரிய நூலகங்கள் திறந்தபோது நானும் மகிழ்ந்தேன், பிள்ளைகளுக்கென்று அங்கே தனித் தளமே இருக்கிறது. ஆனால் எங்கள் தெருக்காரர்களும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். 1948-லேயே நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கென வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது. அந்த விதி எங்கள் ஊருக்கு மட்டும் இல்லையா? அட்டை ஒட்டப் பசைக்கும் காலிக்கோ துணிக்கும் காசு இல்லை என்றால், நூலகத்துக்கு உதவும் வாசகர் வட்டத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னிக்க வேண்டும். இடம் போதாது, கரையான் வருகிறது, சிலவற்றைக் கழித்துத்தான் ஆக வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. கழிக்கும் முன் தேதிச் சீட்டைப் பாருங்கள். அதிகம் போய்வந்த சிறுவர் நூலை பைண்டருக்கு அனுப்புங்கள். மீதியின் பட்டியலை ஒரு மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள், வேண்டுபவர்கள் வந்து கேட்கட்டும்.

இப்போதைக்கு அவசரம் ஒன்று இருக்கிறது. பழைய பேப்பர் கடையில் இன்னும் இரண்டு மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது. கடைக்காரர் நல்ல மனிதர், பத்து நாள் வைத்திருப்பதாகச் சொன்னார். அதில் மூன்று நாள் போய்விட்டது. எடைக்கான பணத்தையும் பைண்டிங் செலவையும் நான் தருகிறேன். இருப்புப் பதிவேட்டில் அவற்றை மறுபடி ஏற்ற தங்கள் கையெழுத்து வேண்டும். அன்புகூர்ந்து இந்த வாரத்துக்குள் ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
1987 முதல் உறுப்பினராக உள்ள ஒரு வாசகர்