முதல் பனிக்காலத்துக்குத் தயாராகும் ஸ்காபரோத் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் இந்த வருசம் ஸ்நோ தள்ளுவது உங்கள் பொறுப்பு என்று சொன்னீர்களாம். பெரிய மனசு. ஒரே ஒரு விசயத்தை மாற்றிச் செய்யுங்கள்: சவளை (ஸ்நோ தள்ளும் மண்வாரியை) எடுத்தவுடன் டிரைவ்வேக்குப் போகாமல், முதலில் வீட்டின் பக்கச் சுவருக்குப் போங்கள்.

அங்கே பெரும்பாலும் இரண்டு பிளாஸ்ரிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஒன்றால் காற்றை இழுக்கிறது, மற்றதால் புகையை விடுகிறது. காற்றடித்துக் குவிந்த ஸ்நோ அவற்றை மூடினால் ஃபேர்னஸ் நின்றுவிடும், அல்லது கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சவளால் இடித்தால் குழாய் உடைந்துவிடும்; கையுறை போட்ட கையால் விலக்குங்கள். காஸ் மீற்றரின் மேலிருப்பதையும் அப்படியே.

2008 டிசம்பரில் ஸ்காபரோ இருக்கும் இதே ஒன்ராறியோ மாகாணத்தின் வுட்ஸ்ரொக் நகரில், காஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களின் பெயரில் வந்த சட்டத்தால்தான் 2014 முதல், காஸ் ஃபேர்னஸ் போன்றவை உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயமானது. ஐயா வீட்டு அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பின்பக்கத்தில் காலாவதித் திகதியையும் பாருங்கள். அது அடித்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கக்கூடாது. எல்லாரும் வெளியே வந்து, அங்கிருந்து அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிடுங்கள்.

அதற்குப் பிறகு படிகள். பிறகு ஸ்ரெச்சர் போகக்கூடிய அகலத்தில், ஒரு மீற்றருக்காவது, நடைபாதை. டிரைவ்வே கடைசி. 20 சென்ரிமீற்றர் என்று அறிவித்தால் முழுதும் கொட்டி முடியும்வரை காத்திருக்காமல் பாதியில் ஒருதரம் தள்ளுங்கள். அடியில் இறுகி, ஈரம் ஏறினால் பாரம் பல மடங்கு. தூக்கி எறியாமல் தள்ளுங்கள். சவளின் முகத்தில் கொஞ்சம் சமையல் எண்ணெய் பூசினால் ஒட்டாது. றோட்டுக்குத் தள்ளுவது சட்டப்படி குற்றம். தெருவில் நெருப்பணைக்கும் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதைச் சுற்றி ஒரு மீற்றரை யார் துப்புரவாக்குவது என்று இப்போதே பேசிவையுங்கள். எல்லார் வாசலுக்கும் பொதுவானது யார் கைக்கும் வராது.

ஐயா சும்மா பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார், கூச்சப்பட்டுத் தானும் சவளோடு வருவார். விடாதீர்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடும். அந்த நேரத்தில் பாரம் தள்ளுவது மாரடைப்பைக் கொண்டுவரலாம். அவருக்குப் போன் வேலையைக் கொடுங்கள்: தெருவில் தனியே இருக்கும் மற்ற மூன்று நான்கு பேரை ஒவ்வொரு விடியற்காலையும் கூப்பிட்டு விசாரிப்பது. உங்களைவிட அவர்தான் அதைத் திறமாகச் செய்வார்.

உப்பு, தள்ளி முடிந்த பிறகு. ஆறு மீற்றர் நடைபாதைக்கு ஒரு கோப்பி மக் போதும். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது, மணல் தூவுங்கள்.

கரண்ட் போவதுதான் உண்மையான சோதனை. 2013 டிசம்பர் பனிக்கட்டி மழையில் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் நின்றன, பல வீடுகள் நத்தாரையும் இருட்டில் கழித்தன. அப்படியான இரவில் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ உள்ளே கொண்டுவரத் தோன்றும். அவற்றிலிருந்தும் கார்பன் மொனொக்சைட் வரும்; கராஜுக்குள், கதவு திறந்திருந்தாலும், கூடாது. ஜெனறேற்றர் ஜன்னல்களிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி, வெளியே. வீடு குளிர்ந்துகொண்டே போனால் குழாய்கள் உறைந்து வெடிக்கும்: திருகுகுழாயில் தண்ணீரை நூல்போல ஓடவிட்டு, குசினித் தொட்டிக்குக் கீழ் அலுமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். உறைந்துவிட்டால், கரண்ட் வந்த பிறகு தலைமயிர் உலர்த்தும் கருவியைத் திருகுகுழாய்ப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு போங்கள், நெருப்பு வேண்டாம். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காவிட்டால் இரண்டு நாள் தாங்கும், அதனால் அம்மாவை இடியப்பத்துக்காகத் திறக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

காலையில் அவர்களின் ஜன்னல் திரை விலகவில்லை, போனும் எடுபடவில்லை என்றால் யோசிக்காமல் கதவைத் தட்டுங்கள். அதற்காகவே இந்தக் கிழமை மூன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: ஒரு மேலதிகச் சாவி, பிள்ளைகளின் போன் இலக்கம், பேஸ்மென்ற்றில் பிரதான தண்ணீர் வால்வு இருக்கும் இடம். அந்த வால்வை ஒருமுறை பூட்டித் திறந்தும் பாருங்கள். பழைய வீடுகளில் அது இறுகிப்போயிருக்கும், பைப் வெடித்த பிறகு அதோடு மல்லுக்கட்ட நேரமிருக்காது.

அன்புடன்,
உங்கள் தெருக்காரர்கள்