'1988 அசல்' என்று விற்கப்பட்ட நெதர்லாந்து ஜெர்சி குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: மறுபதிப்பு ஜெர்சியை அசல் என்று விற்றது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். 'நெதர்லாந்து, 1988 ஐரோப்பியக் கோப்பை, அடிடாஸ், அசல்' என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி, 380 யூரோ கட்டி ஒரு கால்பந்து ஜெர்சி வாங்கினேன். போன செவ்வாய்க்கிழமை பார்சல் ராட்டர்டாமில் என் வீட்டுக்கு வந்தது. பிரித்த அன்றைக்கே அது அசல் இல்லை என்று தெரிந்துவிட்டது.

இடது பக்கத் தையலின் உள்ளே துவைக்கும் குறிப்பு லேபிள் இருக்கிறது. அதன் கடைசி வரியில் ஓர் இணையதள முகவரி அச்சாகியிருக்கிறது. 1988 ஜூனில் இணையதளம் என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. முதுகில் 12ஆம் எண்ணுக்கு மேல் நெதர்லாந்து வீரர் வான் பாஸ்டனின் பெயர். ஐரோப்பியக் கோப்பையில் வீரர்களின் முதுகில் பெயர் வந்ததே 1992இல்தான். உங்கள் விளம்பரத்தில் முன்பக்கப் படம் மட்டும்தான் இருந்தது.

புகார் சொன்னதற்கு, "வடிவமைப்பு அதேதானே" என்று உங்கள் ஊழியர் பதில் எழுதினார். அந்த பதில்தான் என்னை அதிகம் வருத்தியது. ஆரஞ்சின் பல சாயல்களில் செதில் செதிலாக அடுக்கிய அந்தக் கோண வடிவங்களை யார் வேண்டுமானாலும் திரும்ப அச்சடிக்கலாம். எனக்கு வேண்டியது அந்தக் காலத்தில் தைத்த துணி. 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்ற அதே மியூனிக் மைதானத்தில், 1988 ஜூன் 25 அன்று சோவியத் அணியை 2-0 என்று வென்று நெதர்லாந்து கோப்பையைத் தூக்கியது. அந்தக் கோடையில் கடையில் விற்ற ஒரு ஜெர்சிக்காகப் பல வருடமாகக் காசு சேர்த்தேன்.

சேகரிப்பவர்களுக்குச் சின்ன விவரம்தான் எல்லாமே. 1974இல் மற்ற நெதர்லாந்து வீரர்களின் ஜெர்சிக் கையில் மூன்று கோடு, அணித்தலைவர் கிரைஃபின் ஜெர்சிக் கையில் மட்டும் இரண்டு. போட்டி நிறுவனமான பூமாவோடு ஒப்பந்தம் இருந்ததால் அடிடாஸின் மூன்றாவது கோட்டை அவர் போட மறுத்தார். அந்த ஒரு கோட்டை வைத்தே ஜெர்சியை அடையாளம் காண்கிற எங்களிடம் 'வடிவமைப்பு அதேதானே' என்று சொல்லலாமா?

மறுபதிப்பு விற்பதில் தவறே இல்லை. லோட்டோ நிறுவனம் தயாரித்த 1994 நெதர்லாந்து ஜெர்சியின் மறுபதிப்பு ஒன்றை நானே ஆசையாக வாங்கி உடுத்துகிறேன். ஆனால் அதை மறுபதிப்பு என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றார்கள்.

380 யூரோவையும் திருப்பி அனுப்பும் தபால் செலவையும் நீங்கள் தர வேண்டும். இணையவழி வாங்கிய பொருளைத் திருப்பித் தர எனக்குள்ள 14 நாள் அவகாசம் இன்னும் முடியவில்லை. அதே விளம்பரம் இன்று காலையிலும் 'அசல்' என்றே இருந்தது. அடுத்தவர் ஏமாறும் முன் திருத்துங்கள். லேபிளின் படங்களை இணைத்துள்ளேன். ஜெர்சியை உடுத்தவில்லை, வந்த உறையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ராட்டர்டாம் வாடிக்கையாளர்