தம்பியின் பாடப் படிவமும் நீலக் கோப்பும்

கம்மிங், ஜார்ஜியா
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்தை அம்மா வழியாக அறிந்துகொள்கிறேன். சவானாவில் இந்த ஆண்டு குளிர் அதிகம் என்றும், நீ வீடு மாற்றப் போகிறாய் என்றும் அவள்தான் சொன்னாள். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் பழைய காரை விற்றுவிட்டோம். மற்ற செய்திகளைப் பின்னர் எழுதுகிறேன். இப்போது எழுத வந்தது தம்பியின் படிப்பைப் பற்றி.

வரும் வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதிக்குள், அவன் பதினோராம் வகுப்புக்கான பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அவன் நிரப்பி வைத்திருக்கும் படிவத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மன அமைதி இல்லை. ஸ்பானிஷ் இரண்டாம் நிலையை விட்டுவிட்டு ஒலிப்பதிவுப் பாடம் ஒன்றை எடுத்திருக்கிறான். வேதியியலுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறான். கேட்டால், "இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே அப்பா" என்கிறான். இரண்டு வருடம்தான் இருக்கிறது என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

நம் ஜார்ஜியா மாநிலம் கல்லூரிப் படிப்புக்குத் தரும் ஹோப் உதவித்தொகைக்கு, நான்குக்குச் சராசரி 3.0 இருந்தால் போதும் என்றுதான் நம் கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். சராசரி மட்டும் போதாது. "ரிகர்" என்று அவர்கள் சொல்லும் கடினப் பாடங்களில் நான்கு முழுக் கிரெடிட்டுகள் தேர்ச்சியுடன் இருக்க வேண்டும். 2015இல் பள்ளி முடித்தவர்களுக்கு இரண்டாக இருந்தது, 2016இல் மூன்றாகி, 2017 முதல் நான்காக நிற்கிறது. அட்வான்ஸ்டு அல்ஜீப்ராவும் அதற்கு மேற்பட்ட கணிதமும், வேதியியலும் இயற்பியலும், அயல்மொழியில் இரண்டாம் நிலையும் அதற்கு மேலும், முதன்மைப் பாடங்களில் கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி, ஐபி, கல்லூரியோடு சேர்ந்து படிக்கும் டூயல் என்ரோல்மென்ட் வகுப்புகளும் அந்தக் கணக்கில் வரும். ஸ்பானிஷ் முதல் நிலை வராது. தம்பி இதுவரை முடித்தவற்றில் இந்தப் பட்டியலில் சேருவது ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டு அட்வான்ஸ்டு அல்ஜீப்ராவும் வேதியியலும் ஸ்பானிஷ் இரண்டும், அதற்கடுத்த ஆண்டு ப்ரீகால்குலஸும் என்று எண்ணினால் சரியாக நான்கு வருகிறது. ஒன்றில் தவறினாலும் கைவசம் மிச்சம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலையும் சேர்த்தால்தான் எனக்கு உறக்கம் வரும். உதவித்தொகையை விட்டுவிட்டாலும், மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர ஒரே அயல்மொழியையோ, அதற்கு மாற்றாக அவர்கள் ஏற்கும் பாடத்தையோ இரண்டு ஆண்டு படித்திருக்க வேண்டும் என்ற விதி தனியாக இருக்கிறது. இவற்றையெல்லாம் நான் சொன்னால் அவன் தலையை மட்டும் ஆட்டுகிறான். நீ சொன்னால் கேட்பான்.

மாநிலத்தின் ஜிஏஃபியூச்சர்ஸ் இணையதளத்தில் அவனுடைய கணக்கைத் திறந்து, ஹோப் சராசரியைப் பார்க்கும்படி அவனிடம் சொல். ரிப்போர்ட் கார்டைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றும் சொல். ட்ரம்ஸில் அவன் வாங்கும் 100ஐயும் உடற்பயிற்சி வகுப்பில் வாங்கும் 98ஐயும் சேர்த்துச் சராசரி பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கிறான். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், அயல்மொழி ஆகிய ஐந்துக்கு வெளியே உள்ள எதையும் ஹோப் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனர்ஸ் வகுப்புக்குப் பள்ளி கூட்டிக் கொடுக்கும் மதிப்பெண்ணை மாநில மாணவர் நிதி ஆணையம் கழித்துவிடுகிறது. 80 வாங்கினாலும் 89 வாங்கினாலும் 3.0தான்.

நீ இதை வாசிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. இந்த விதிகளையெல்லாம் எனக்கு முன்பே அறிந்தவள் நீ. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

உன்னைப் பற்றி நான் பெருமையாகப் பேசுவதில்லை என்று அம்மா குறைப்படுகிறாள். அது உண்மையில்லை. கல்லூரியில் 30 கிரெடிட் முடிந்த இடத்தில் சராசரி 3.0க்கு மேல் இருந்தால், பள்ளியில் ஹோப் கிடைக்காதவர்களுக்கும் அது கிடைக்கும் என்பதை நீயாகக் கண்டுபிடித்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் முதல் ஆண்டில் 3.5 எடுத்து, அதைப் பெற்றாய். இரண்டாம் ஆண்டுக் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் மாலை நேரங்களில் மருந்துக்கடையில் நின்றுகொண்டே அதைச் செய்தாய். நான் என் அலுவலகத்தில் மூன்று பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

ஆனால் நீயும் மூன்று மாதமாகத் தொலைபேசியை எடுக்காமல் இருப்பது சரியில்லை. தீபாவளிக்கு மறுநாள் விடியும் முன்னே, அப்பத்தாவிடம்கூடச் சொல்லாமல் நீ கிளம்பிப் போனது அவளை மிகவும் வருத்தியது. ஐந்து மணி நேரம் இருட்டில் காரோட்டிப் போயிருக்கிறாய். கோபம் இருந்தால் என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னால் அதை மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். ஹோப்பைவிட உயர்ந்த ஜெல் மில்லர் உதவித்தொகை அவனுக்குக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதற்கு 3.7 சராசரியும் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 1200ம் வேண்டும். ஆனால் 2023 இலையுதிர்காலப் பருவத்திலிருந்து, அரசுக் கல்லூரிகளில் ஹோப்பும் முழு வகுப்புக் கட்டணத்தைத் தருகிறது. உன் காலத்தில் அப்படி இல்லை. 2011இல் குறைத்ததை அப்போது இன்னும் மீட்கவில்லை. விடுதி, உணவு, புத்தகம், இதர கட்டணங்கள் நம்முடையவைதான் என்றாலும், வகுப்புக் கட்டணம் இல்லை என்பது சிறிய விஷயமில்லை. குடும்ப வருமான வரம்பும் இல்லை. ஆளுநர் ஜெல் மில்லர் 1993இல் லாட்டரிப் பணத்தை வைத்து இதைத் தொடங்கினார் என்று நான் முதலில் சொன்னபோது, லாட்டரி எத்தனை குடும்பங்களை அழித்ததென்று அப்பத்தா கதை கதையாகச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். 2003இல் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தபோது நிம்மதி அடைந்தவள் அவள். அந்தப் பணத்தில் பேத்தி படிக்க வேண்டுமா என்று அன்று கேட்டவள், நீ இரண்டாம் ஆண்டில் ஹோப் பெற்றபோது விளக்கேற்றினாள்.

என்னுடன் வேலை செய்பவரின் மகள் எல்லாப் பாடங்களையும் முடித்து, சராசரி 3.9 வைத்திருக்கிறாள். அவர்கள் இன்னும் எச்-1பி விசாவில் இருப்பதால் அவளுக்கு ஹோப் கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அவர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தகுதி பெற எந்தத் தடையும் இல்லாத பிள்ளைகள் ஒரு படிவத்தின் கட்டம் ஒன்றால் இதை இழப்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. இதைத்தான் தீபாவளியன்று தம்பியிடம் சொல்ல வந்தேன். சொன்ன விதம் தவறாகிவிட்டது.

தவறாகிவிட்டது என்று எழுதிவிட்டு இந்தப் பக்கத்தை ஒரு நாள் மூடி வைத்திருந்தேன். அது போதாது என்று தெரிகிறது.

தம்பியின் பழைய மதிப்பெண் பட்டியலைத் தேடி, போன சனிக்கிழமை அலமாரியின் மேல்தட்டில் இருந்த நீலக் கோப்பை எடுத்தேன். அவனுடையது கிடைக்கவில்லை. உன்னுடையது இருந்தது. 2018 செப்டம்பரில், நீ பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ந்த அடுத்த மாதம், பள்ளியில் பாட ஆலோசனை சொல்லும் உன் கவுன்சலர் பெற்றோருக்கு அனுப்பிய ஒரு தாள் அதில் இருந்தது. உன்னுடைய ஹோப் சராசரி 2.91 என்றும், ரிப்போர்ட் கார்டில் காணும் சராசரியும் இதுவும் ஒன்றல்ல என்றும், பன்னிரண்டாம் வகுப்பின் பாடங்களை மாற்ற வேண்டுமானால் இரண்டு வாரத்துக்குள் பெற்றோர் தன்னைச் சந்திக்க வேண்டும் என்றும் அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. வாசித்துப் புரிந்துகொண்டேன் என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

நான் அதை வாசிக்கவில்லை, பாப்பா. எந்த இரவு, எந்த மேசையில் வைத்துக் கையெழுத்திட்டேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்கு முந்தைய கோடையில் நீ மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. நான் அலுவலகத்தின் சென்னை அணியுடன் அழைப்பில் பேசிக்கொண்டிருந்தேன். ஒலியை அடைத்துவிட்டு, "இணையதளத்தில் ஏதோ பிழை, ரிப்போர்ட் கார்டில் 3.4 இருக்கிறதே" என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். நீ இரண்டாம் முறை கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்கக்கூடிய தகப்பனாக நான் அப்போது இல்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு, கோப்பில் இருந்த உன் பாடங்கள் அனைத்தையும் உட்கார்ந்து கணக்கிட்டேன். என் காலத்தில் பொறியியல் கலந்தாய்வுக்குக் கட்-ஆஃபைக் கால் மதிப்பெண் வரை நானே கணக்கிட்டு, பெருக்கிக் கூட்டி, மூன்று முறை சரிபார்த்தவன் நான். மதிப்பெண் என்றால் கூட்டிப் பார்ப்பது என்ற அந்தப் பழக்கத்திலேயே உன் 89களைப் பார்த்து, 90க்கு ஒன்றுதானே குறைவு என்று திருப்தி அடைந்தேன். அவை ஒவ்வொன்றும் 3.0. ஏபி இயற்பியலில் 88 என்று ரிப்போர்ட் கார்டில் கண்டேன். அதில் பத்து, பள்ளி கூட்டிக் கொடுத்தது. ஆணையம் அதை 78 என்று எடுத்து, சி கிரேடுக்கு 2.0 வைத்து, ஏபிக்காக 0.5 சேர்த்து, 2.5 என்று எழுதியிருக்கிறது. சாதாரண இயற்பியலில் நீ 80 வாங்கியிருந்தால்கூட 3.0 வந்திருக்கும். அந்த வகுப்பு வேண்டாம் என்று நீ 2017 பிப்ரவரியில், இதே சாப்பாட்டு மேசையில், அழுதுகொண்டு சொன்னாய். ஏபி இல்லாமல் படிப்பது படிப்பா என்று கேட்டு, உன் படிவத்தை நான் என் பேனாவால் திருத்தினேன். ஸ்பானிஷ் மூன்றாம் நிலையை அடித்ததும் நான்தான். அந்த மொழியில் உனக்கு இரண்டு ஆண்டும் ஏ.

கடைசியில் 2.96 வந்தது. நான்கு ரிகர் பாடங்களுக்கு மேலேயே உன்னிடம் இருந்தன. 0.04தான் குறைந்தது, அது என் பேனாவால் குறைந்தது.

அதன் பின் இந்த ஆறு ஆண்டுகளாக, நீ கவனக்குறைவால் உதவித்தொகையைத் தொலைத்தாய் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நீ எங்களிடம் மறைத்தாய் என்று உன் மாமாவிடம் சொன்னேன். தீபாவளியன்று பதினைந்து பேர் நடுவில், "அக்காவைப் போல் விட்டுவிடாதே" என்று தம்பியிடம் சொன்னேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் பேச்சை நிறுத்தவில்லை. பேச்சுவாக்கில் சொன்னது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாம் என்று நினைத்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று மாலை தம்பியையும் அப்பத்தாவையும் அம்மாவையும் உட்காரவைத்து அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் பாதி தெரிந்திருந்தது போலும். அவள் எதுவும் சொல்லவில்லை. அப்பத்தா, பிள்ளையிடம் போய்ச் சொன்னாயா என்று கேட்டாள். தம்பி அந்தத் தாளை வாங்கி என் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவிடம் இன்று இரவு பேசுகிறேன்.

அவனுடைய படிவத்தில் நான் பேனா வைக்கவில்லை. ஸ்பானிஷும் வேதியியலும் வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒலிப்பதிவுப் பாடத்தை அடிக்க மாட்டேன். எட்டுப் பாடங்களில் அதற்கும் இடம் இருக்கலாம். எங்கே என்று உனக்குத்தான் தெரியும். ஏபி எதையும் எடுக்கச் சொல்லி அவனை நான் வற்புறுத்தவில்லை என்பதையும் நீ அவனிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் அவன் வீட்டில் இருப்பான். அவனுடைய எண்ணுக்கே அழைத்துப் பேசு. என்னிடம் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; நான் அந்த நேரத்தில் மாடியில் இருப்பேன், அலுவலக அழைப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

கவுன்சலரின் தாளை இத்துடன் அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை, அசலே உன்னிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா