தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டுச் செய்திகளும் பாத்தாம் மாணவர் வருகையும்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

அரையாண்டு ஓடியே போய்விட்டது. மாவட்டத் திடல்தடப் போட்டியில் நம் பிள்ளைகள் பதக்கங்களோடு திரும்பினார்கள். திருக்குறள் மனனப் போட்டி, அறிவியல் விழா, கதை சொல்லும் போட்டி என்று எல்லாவற்றிலும் கலந்துகொண்டு பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நடத்திய துப்புரவுப் பணியால் பின்பக்கக் கால்வாயில் இப்போது தண்ணீர் தேங்குவதில்லை. சிற்றுண்டிச்சாலைச் சுவரிலிருந்த பத்து ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) கொடிகளோடு திமோர் லெஸ்தேயின் கொடியையும் ஆண்டு 6 மாணவர்கள் வரைந்து முடித்துவிட்டார்கள். 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் நடந்த மாநாட்டில்தான் அந்நாடு பதினோராவது உறுப்பு நாடானது. சுவரில் இடம் இல்லாததால் அதன் கொடி கை கழுவும் தொட்டிக்கு மேலே போய்விட்டது. அதனால் ஒன்றும் குறைவில்லை. அனைவருக்கும் வாழ்த்துகள்.

கொடிகளைப் பற்றிச் சொல்லிவிட்டதால், இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

ஆகஸ்டு 8 ஆசியான் தினத்தையொட்டி இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். ஒன்று, நம் பிள்ளைகள் சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போய் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருவது. இன்னொன்று, இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலிருந்து 16 பிள்ளைகள் தங்கள் ஆசிரியர்களோடு நம் ஜொகூர் பாருவின் ஸ்துலாங் லாவுட் படகுத்துறையில் வந்திறங்கி, இரண்டு இரவுகள் நம் மாணவர்களின் வீடுகளில் தங்குவது. அடுத்த ஆண்டு நம் பிள்ளைகள் அங்கே போவார்கள்.

சிங்கப்பூர்ப் படிவம் கொடுத்த அன்றே இடங்கள் நிரம்பிவிட்டன. காத்திருப்போர் பட்டியலில் தம்பி பெயரையும் சேர்க்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டவர்களும் உண்டு. பாத்தாம் பிள்ளைகளுக்கு வீடு தர முன்வந்தவையோ மூன்று குடும்பங்கள்.

காரணங்கள் இருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. விடியற்காலை நாலரைக்கே மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் நம்மில் பலர். பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்ளும் வீட்டில் இன்னும் இரண்டு பேரை வைத்துக்கொள்வது சிரமம்தான். மாடி வீட்டில் ஓர் அறையில் நான்கு பேர் படுப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் யாருக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. உங்களுக்கு வேறு வகையில் ஒரு பங்கு உண்டு, கீழே எழுதியிருக்கிறேன்.

சாப்பாடு பற்றிய கேள்வியும் நியாயமானது. வருபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். அவர்களுக்கான ஹலால் உணவைப் பள்ளியே ஏற்பாடு செய்து பொட்டலமாக அனுப்பும். வீட்டில் தண்ணீரும் தோல் உரிக்காத பழங்களும் இருந்தால் போதும். தொழுகைக்குச் சுத்தமான ஒரு மூலை வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் அதைப் படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஆண் பிள்ளைகளை ஆண் பிள்ளை உள்ள வீட்டிலும், பெண் பிள்ளைகளைப் பெண் பிள்ளை உள்ள வீட்டிலும் இருவர் இருவராகத்தான் தங்க வைப்போம். இரண்டு மாலைகளும் ஆசிரியர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது வேறு விதமான பேச்சு. “இந்தோனேசியப் பிள்ளைகளா? ஹோட்டலில் தங்க வைக்கலாமே” என்று ஒருவர் எழுதினார். “அவங்ககிட்ட நம்ம பிள்ளைங்க என்ன கத்துக்கப் போறாங்க?” என்று இன்னொருவர். அந்தச் செய்தி சற்று நேரத்தில் அழிக்கப்பட்டுவிட்டது. அதற்குள் அம்மாவின் கைப்பேசியில் அதைப் படித்த ஆண்டு 5 மாணவி ஒருத்தி, மறுநாள் வகுப்பில் அதே கேள்வியை ஆசிரியரிடம் கேட்டாள்.

இதில் நான் நயமாகப் பேசப் போவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் இந்தோனேசியப் பெண் நம் வீட்டுக்குள் தங்கலாம், விருந்தாளியாக வரும் இந்தோனேசியப் பிள்ளை தங்கக்கூடாதா? பணக்கார அண்டை நாட்டுக்குப் போவதற்கு வரிசை, நம்மைவிட வசதி குறைந்த அண்டை நாட்டுக்காரர் வந்தால் கதவடைப்பு என்ற பாடத்தை இந்தப் பள்ளி நடத்தாது. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் நம்மவர்களை யாராவது இப்படிப் பார்த்தால் நமக்கு எப்படி வலிக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1964 ஆகஸ்டில் இந்தோனேசியப் படையினர் நம் ஜொகூரின் பொந்தியான் கரையில் வந்திறங்கினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் லாபிஸ் வட்டாரத்தில் பாராசூட்டில் குதித்தார்கள். ‘கொன்ஃப்ரொந்தாசி’, அதாவது மோதல், என்று அந்தக் காலத்தைச் சொல்வார்கள். 1966இல் அது ஓய்ந்தது. மறு ஆண்டே, 1967 ஆகஸ்டு 8ஆம் தேதி, பேங்காக்கில் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆசியான் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. கையெழுத்திட்ட ஐவரில் சிங்கப்பூருக்காக வந்தவர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்து நம் சிரம்பானில் வளர்ந்தவர். சண்டை ஓய்ந்து ஓராண்டில் அவர்களால் முடிந்திருக்கிறது. நமக்கு இரண்டு இரவுகள் ஒரு மெத்தை விரிக்க இவ்வளவு யோசனை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகத்தான் நடந்தது. சிங்கப்பூர், ஜொகூர், பாத்தாம் அடங்கிய ரியாவ் தீவுகள் மூன்றையும் இணைக்கும் வளர்ச்சி முக்கோணம் 1989இல் பேச்சுக்கு வந்தது, 1994இல் மூன்று நாட்டு ஒப்பந்தமானது. பாத்தாமில் தொழிற்பேட்டைகள் எழுந்தன, படகுகள் ஓடுகின்றன, வார இறுதியில் நாமும் போய்க் கடல் உணவு சாப்பிட்டுவிட்டு வருகிறோம். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் நமக்குத் தெரியாது.

ஜப்பான் 1974இல் ஆசியான் நாடுகளோடு சேர்ந்து தென்கிழக்காசிய இளையோர் கப்பல் பயணத்தைத் தொடங்கியது. அதில் போனவர்களிடம் கேட்டால் கப்பலைவிட, துறைமுகத்தில் இறங்கித் தங்கிய வீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். யார் வீட்டில் சாப்பிட்டோமோ அவர்கள் நாட்டைப் பற்றிச் செய்தி வந்தால் காது தானாகத் திரும்பும். (ஆசியான் கணக்கில் ‘இளையோர்’ என்றால் 15 முதல் 35 வயது வரை. நம் பிள்ளைகளுக்குப் பதினொன்றுதான். 15 வயதுக்குள் மனத்தில் ஏறிவிட்டதை அப்புறம் எந்த இளையோர் திட்டம் வந்து இறக்கும்?)

“என்ன கற்றுக்கொள்வார்கள்” என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மே மாதம் நம் பள்ளியும் பாத்தாம் பள்ளியும் இணையம் வழி சந்தித்தபோது, அங்கிருந்து ஒரு பையன் காய்கள் நிறைந்த மரப்பலகையைத் திரைமுன் தூக்கிக் காட்டினான். நம் ஆண்டு 5 மாணவன் ஒருவன் யாரிடமும் கேட்காமல் எழுந்து ஓடி, வளமையத்திலிருந்த பல்லாங்குழியைக் கொண்டுவந்தான். நம் பலகையில் அவனுக்கும் சேர்த்து இவன் காய் போட, அவன் பலகையில் இவனுக்குச் சேர்த்து அவன் போட, ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பலகையிலும் காய்க் கணக்கு ஒத்துப்போகவில்லை. தவறு யாருடையது என்று இரண்டு வகுப்பும் மலாயில் கத்திய சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பையனும் இப்போது வருகிறான். கணக்கை நேரில் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு பாத்தாம் பயணத்தில் முதல் இடம், இந்த ஆண்டு வரவேற்பில் ஏதாவது ஒரு வகையில் பங்கெடுத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கே. வீடு தர முடியாதவர்கள் படகுத்துறையிலிருந்து பிள்ளைகளைக் காரில் அழைத்து வரலாம், ஒரு மாலை கடைத்தெருவுக்குக் கூட்டிப் போகலாம், மெத்தையும் போர்வையும் இரவல் தரலாம், பள்ளி விருந்தன்று வந்து பரிமாறலாம். எல்லாம் பங்குதான். படிவத்தில் நான்கு கட்டங்கள் உள்ளன, முடிந்ததில் குறியிட்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். நேரில் பேச விரும்புவோர் காலை சபைகூடலுக்குப் பிறகு என் அறைக்கு வரலாம். குழுவில் எழுதியவர்கள் யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன்.

முதல் நாளே படிவம் நிரப்பித் தந்த மூன்று குடும்பங்களுக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. “வீடு சின்னது ஐயா, ஆனா ஆயா (பாட்டி) நல்லாப் பேசுவாங்க” என்று படிவத்தின் ஓரத்தில் எழுதியிருந்த அம்மாவுக்குத் தனி நன்றி. எத்தனை வேலைக்கு நடுவிலும் பள்ளிக்குத் தோள் கொடுத்துவரும் உங்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: சிங்கப்பூர் செல்லும் மாணவர்களின் கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகுமா என்று இன்றே பார்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வந்து நின்றால் அலுவலகத்தால் ஒன்றும் செய்ய இயலாது.