அவர் யாருடைய அப்பா என்பதுதானா செய்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த புதன்கிழமை உங்கள் நாளிதழில் ஒரு மரணச் செய்தி வந்திருந்தது. அமெரிக்காவில் மென்பொருள் நிறுவனத்தில் உயர் பதவியில் இருக்கும் ஒருவரின் தந்தை பெரம்பூரில் காலமானார், அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று நான்கே வரி. அதில் பாதிக்கு மேல் மகனுடைய பதவி. அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் எங்கள் பி.டி. மாஸ்டர். முப்பது வருஷத்துக்கு மேல் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பூப்பந்து, அதாவது பால் பேட்மிண்டன், சொல்லிக் கொடுத்தவர். மகன் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைப் படித்துவிட்டு அந்த மகனே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பூப்பந்து தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1954-லேயே இதற்கு அகில இந்தியச் சம்மேளனம் வந்துவிட்டது. 1970-ல் ஜே. பிச்சய்யா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கினார். ஆனால் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் வீரர் ஒருவருக்குக் கால் சுளுக்கினால் படத்தோடு வரும். மாவட்டப் பூப்பந்து முடிவு வராது. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் மாஸ்டர் வெள்ளைத்தாளில் ஸ்கோரையும் பையன்கள் பெயரையும் இனிஷியலோடு எழுதி, பஸ் பிடித்து உங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார். "நாளைக்கு வரும்டா, பாருங்க" என்பார். மறுநாள் டீக்கடையில் நாங்கள் பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்போம். என் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அப்போதும் அவர் உங்களைக் குறை சொல்லவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்பார்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர் அவர். 1920-ல் ஹாரி பக் தொடங்கிய கல்லூரி என்று பெருமையாகச் சொல்வார். பூப்பந்து திறந்தவெளி ஆட்டம். கம்பளிப் பந்து காற்றுக்கு இழுபடும். ஆட்டம் தொடங்குமுன் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரல் நடுவிலிருந்து மெல்ல விடுவார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பார்த்துத்தான் சென்டரில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் நரம்பு அறுந்த பேட்டுகள் குவிந்து கிடக்கும். பெரிய மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவர் ஊசியால் குத்தி இழுத்துக் கட்டுவார். பக்கத்திலேயே மாஸ்டரின் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அந்த அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவரே சமைத்து, ஊட்டிவிட்டு, தலைவாரிவிட்டு, அப்புறம்தான் மைதானத்துக்கு வருவார். ஆனாலும் எங்களுக்கு முன்னால் வந்திருப்பார்.

நான் ஒன்பதாவதோடு நின்று ஹார்பர் வேலைக்குப் போவதாக இருந்தது. மாஸ்டர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இரவு வெகுநேரம் பேசினார். பிற்பாடு விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு ரயில்வே வேலை கிடைத்தது. என் பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில். எங்கள் தெருவில் இப்படி இன்னும் பல குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு மனிதர் இதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார், ஐயா. இது செய்தி இல்லையா?

இப்போது அந்தப் பள்ளி மைதானத்தில் பாதியில் கட்டடம், மீதியில் வண்டி நிறுத்துகிறார்கள். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. மைதானம் போகிறது என்று நாங்கள் கையெழுத்து வாங்கி அனுப்பிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை. தேசிய விளையாட்டு தினமான ஆகஸ்ட் 29 வந்தால் ஹாக்கி வீரர் தியான் சந்த் படம் மட்டும் தவறாமல் வருகிறது. வரட்டும், அவர் பெரியவர். அவரைப் போன்றவர்களுக்கு முதல் மட்டையைக் கையில் கொடுத்தவர்களுக்கு ஒரு மூலையாவது ஒதுக்கக் கூடாதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற ஞாயிறு அவருக்குப் பதினாறாம் நாள். அன்றைய இதழில் அவர் பெயரைப் போட்டு, பூப்பந்துப் பயிற்சியாளர் என்று ஒரு வரி சேர்த்துப் பிரசுரியுங்கள். பெயரும் இனிஷியலும் தெளிவாக எழுதித் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். படம் வேண்டுமென்றால் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அவருடைய பழைய மாணவன்,
பெரம்பூர், சென்னை.