ஸ்டார் இருக்கட்டும், எந்தப் பக்கத்துல நிறுத்துனீங்க?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை புத்தகப் பக்கத்துல ஒரு கட்டம் போட்டிருந்தீங்க, இந்த வருஷம் எத்தனை புத்தகம் படிச்சீங்க, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு எத்தனை ஸ்டார், வாட்ஸ்அப்புல அனுப்புங்கன்னு. நானும் பேனாவை எடுத்துட்டு உக்காந்தேன். கால் மணி நேரம் ஆச்சு, ஒரு ஸ்டாரும் விழல. அதான் கட்டத்தை நிரப்பாம லெட்டரா எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், இடம் பத்தலைன்னா வெட்டிக்கோங்க, ஆனா நடுவுல வெட்டாம கடைசியில வெட்டுங்க.

நான் 1989ல இருந்து படிச்சதை எல்லாம் எழுதி வச்சுட்டு வர்றேன். பெரிய லட்சியம்லாம் ஒண்ணும் இல்ல. எங்க ஊர் கிளை நூலகத்துல இருந்து ஒரு நாவல் எடுத்துட்டு வந்து படிச்சுட்டு இருக்கேன், எங்கயோ கேட்ட கதை மாதிரியே இருக்கேன்னு தோணிட்டே இருக்கு, சரி இந்தக் காலத்து நாவல் எல்லாமே அப்படித்தான்னு புரட்டிட்டே போனா 63ம் பக்கத்துல ஒரு மஞ்சக்கறை, சரியா என் கட்டைவிரல் அளவுக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி அடுப்புல குழம்பை வச்சுட்டு நானே பண்ணினதுதான். முழுசா படிச்சு திருப்பிக் கொடுத்த புத்தகத்தையே மறுபடி எடுத்துட்டு வந்திருக்கேன். அன்னிக்கு ராத்திரியே டைரி எழுத ஆரம்பிச்சேன்.

டைரின்னா காசு கொடுத்து வாங்கினது இல்ல, உரக்கடையிலயும் நகைக்கடையிலயும் வருஷா வருஷம் கொடுப்பாங்களே அதுதான். தேதி, புத்தகம், எங்க கிடைச்சது, எத்தனை பக்கம், கடைசியா மார்க். மார்க்குன்னா நூத்துக்கு. வீட்டுக்காரர் வாத்தியார், விடைத்தாள் கட்டும் சிவப்பு பேனாவும் எப்பவும் வீட்டுல கிடக்கும், அந்த பேனாவை எடுத்துதான் நானும் போடுவேன், 35 எடுத்தா பாஸ். இப்ப எடுத்துப் பார்த்தா சிரிப்பா இருக்கு. ஒரு நாவலுக்கு 62, அடுத்ததுக்கு 64. அந்த ரெண்டு மார்க் எதுக்கு அதிகமா போட்டேன்னு என்னை நிக்க வச்சு கேட்டாலும் சொல்லத் தெரியாது. கதையும் ஞாபகம் இல்ல. 64 மட்டும் இருக்கு.

ஒரு என்ட்ரியை மட்டும் சொல்றேன். 1994 மார்ச். பேர் வேண்டாம், நல்ல தடிமனான நாவல், அதுக்கு 41 மார்க் போட்டு பக்கத்துல "112ல நிறுத்திட்டேன், ஒரே இழுவை"ன்னு எழுதியிருக்கேன். அப்புறம் 2011ல மாமியாரை திருச்சி ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம், பதினேழு நாள், துணைக்கு நான்தான். கிளம்பற அவசரத்துல அலமாரியில எது தடியா இருந்ததோ அதை பையில போட்டேன், பார்த்தா அதே நாவல். வார்டுல ராத்திரி லைட்டை அணைக்க மாட்டாங்க, எனக்கு அது வசதியாப் போச்சு. நாலே ராத்திரி, முடிச்சுட்டேன். அதுல ஒரு கிழவி திண்ணையில உக்காந்து வெத்தலை இடிக்கறதையே பத்து பக்கத்துக்கு எழுதியிருப்பார், 94ல எதை இழுவைன்னு தூக்கிப் போட்டேனோ அதையேதான் இப்ப நிறுத்தி நிறுத்தி படிச்சேன், பக்கத்து பெட்டுல மாமியார் மூச்சு விடற சத்தம் கேட்டுட்டே.

வீட்டுக்கு வந்ததும் 41ஐ அடிச்சுட்டு 90 போடலாம்னு பழைய டைரியைத் தேடி எடுத்தேன். எடுத்தேனே தவிர அடிக்க மனசு வரல. அந்த 41ம் நான் போட்டதுதானே, அன்னிக்கு இடுப்புல ஒண்ணு தொட்டில்ல ஒண்ணுன்னு இருந்தவ போட்டது, அவளுக்கு அது இழுவைதான். அப்படியே விட்டுட்டேன். அதோட மார்க் போடறதையும் நிறுத்திட்டேன். "112ல நிறுத்திட்டேன்"ங்கற வரி மட்டும் இல்லாட்டி எனக்கு எதுவுமே ஞாபகம் வந்திருக்காது.

அதுல இருந்து மார்க் கட்டத்துல ரெண்டே விஷயம்தான் எழுதறேன். முடிச்சேனா, இல்லன்னா எந்தப் பக்கத்துல ஏன் விட்டேன். அப்புறம் யாருக்கு கொடுத்தேன்னு ஒரு கட்டம். நாத்தனார் வீட்டுக்கு 1998ல போன மூணு புத்தகம் இன்னும் அந்தக் கட்டத்துலயேதான் உக்காந்திருக்கு. இந்த லெட்டரை அவங்க படிச்சா நல்லது.

இன்னொண்ணும் சொல்லணும், இது தப்புதான், தெரிஞ்சேதான் பண்ணேன். லைப்ரரிக்கு டைரியைத் தூக்கிட்டு போக முடியாதுல்ல, அதனால நான் படிச்ச லைப்ரரி புத்தகத்துல 31ம் பக்க நம்பருக்குக் கீழ பென்சில்ல ஒரு சின்ன புள்ளி வச்சுடுவேன். ரேக்குல இருந்து எடுத்ததும் 31ஐ திருப்பிப் பார்த்தா போதும், புள்ளி இருந்தா படிச்சாச்சு. ஏழெட்டு வருஷம் இப்படி ஓடுச்சு. ஒருநாள் ஒரு புத்தகத்தோட 31ல என் புள்ளிக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன பெருக்கல் குறி. நான் போட்டது இல்ல. திக்குன்னு ஆயிடுச்சு, லைப்ரரியன்தான் கண்டுபிடிச்சுட்டாரோன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா அடுத்த புத்தகத்துலயும் பெருக்கல் குறி, அதுக்கு அடுத்ததுலயும். யாரோ என் புள்ளியைப் பார்த்துட்டு இது என்ன ஏதுன்னு புரிஞ்சுக்கிட்டு அவங்களும் அதே பக்கத்துல கணக்கு வச்சுக்க ஆரம்பிச்சிருக்காங்க. சில புத்தகத்துல பெருக்கல் குறி மட்டும் இருக்கும், அதை எடுத்துட்டு வந்து படிப்பேன், பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். ஒரே ஒருத்தர், ஆணா பொண்ணான்னுகூட தெரியாது, பேசினதே இல்ல, அவங்க ரசனையை நம்பி எத்தனையோ புத்தகம் படிச்சிருக்கேன். தேதி முத்திரை குத்துற சீட்டைப் பார்த்து இவரா இருக்குமோ அவரா இருக்குமோன்னு யோசிச்சதுண்டு, கேக்க கூச்சம். 2006 வாக்குல புதுசா குறி வர்றது நின்னுபோச்சு. மாத்தல் ஆகிப் போயிட்டாங்களோ என்னவோ.

இதை ஒருதடவை பையன்கிட்ட சொன்னேன், அவன் உடனே போன்ல ஒரு செய்தியை எடுத்துக் காட்டினான். 2018ல ஸ்காட்லாந்துல டண்டீங்கற ஊர் லைப்ரரியில நிறைய புத்தகத்துல 7ம் பக்க நம்பருக்கு மட்டும் யாரோ அடிக்கோடு போட்டிருந்தாங்களாம், என்னடா ஏதாவது உளவு வேலையான்னு பார்த்தா அந்த ஊர்ப் பாட்டிகள் படிச்சதை மறுபடி எடுக்காம இருக்க போட்டு வச்ச அடையாளமாம். ஆளுக்கு ஒரு குறியாம். எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல, அங்க 7, இங்க 31, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன்தான் குட்ரீட்ஸ்னு படிச்ச புத்தகத்தைக் குறிச்சு ஸ்டார் போடற இணையதளத்துலயும் என்னை சேர்த்துவிட்டான். குத்தம் சொல்ல மாட்டேன், நல்ல ஏற்பாடுதான், 2007ல இருந்து இருக்கு, 2013ல அமேசான் வாங்கிடுச்சுன்னான். ஆனா அதுல ரெண்டு ஸ்டாருக்கு அவங்களே போட்டிருக்கற அர்த்தம் "பரவாயில்ல", மூணுன்னா "பிடிச்சிருந்தது". நம்ம ஊர்ல யாராவது மூணு ஸ்டாரை அப்படி எடுத்துக்கறாங்களா? ரெண்டு போட்டா எழுதினவர் கோவிச்சுக்கறார், மூணு போட்டா கூடப் படிச்சவங்க கோவிச்சுக்கறாங்க, அதனால எல்லாரும் நாலு, அஞ்சு. அரை ஸ்டார் போட வழி இல்லையான்னு கேட்டேன், அதுல இல்ல, ஸ்டோரிகிராஃப்னு இன்னொண்ணு இருக்கு, அதுல கால் ஸ்டார்கூட போடலாம்னான். அப்ப அரைக்கால், மாகாணி, முந்திரின்னு போயிட்டே இருக்கலாமேடான்னேன். அவனுக்கு மாகாணின்னா என்னன்னு தெரியல, பதினாறுல ஒண்ணுன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சரி சேர்க்கலாம்னு பார்த்தா என் புத்தகத்துல பாதிக்கு மேல குட்ரீட்ஸ்ல ஏறவே மாட்டேங்குது. பின்னட்டையில பார்கோடு காட்டுங்கறான், என்கிட்ட இருக்கற எழுபதுகள் பதிப்புல பார்கோடும் இல்ல, ஐஎஸ்பிஎன்ங்கற புத்தக அடையாள நம்பரும் இல்ல. தேடிப் பார்த்தா ஒரே நாவல் தமிழ் எழுத்துல ஒண்ணு, இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு விதமா. எங்கம்மா வாரப் பத்திரிகையில வந்த தொடர்களை வாரா வாரம் கிழிச்சு வச்சு பைண்டு பண்ணியிருக்காங்க, அது என்ன கணக்குல வரும்? பக்க நம்பர் 14ல இருந்து 19க்குப் போகும், அப்புறம் மறுபடி 12. நடுவுல ஒரு துணுக்கு பாதி, பின்னாடி டால்டா விளம்பரம். கதையில அழுகை வர்ற இடத்துல திருப்பினா சோப்பு விளம்பரத்துல ஒரு அம்மா சிரிச்சுட்டு இருப்பாங்க.

எண்ணிக்கையும் அதே கதைதான். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், அதை ஒண்ணுன்னு போடறதா அஞ்சுன்னு போடறதா? என் பையனோட ஃப்ரெண்ட் ஒருத்தன் வருஷத்துக்கு நூறுன்னு டார்கெட் வச்சான், டிசம்பர் வந்ததும் எண்பது பக்கத்துக்கு மேல இருக்கற எதையும் தொடறதே இல்ல. கேட்டா டார்கெட் முடிஞ்சதும் ஜனவரியில பெருசா படிக்கறேன்ங்கறான். ஜனவரியில புது டார்கெட் வந்துடுது.

சீர்காழியில பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல நூலகத்துக்குன்னு அஞ்சு விதி எழுதினார், அதுல மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர் கிடைக்கணும்ங்கறது. எனக்கு அந்த 41 மார்க் நாவல்தான் உடனே ஞாபகம் வரும். 1994ல உங்க கட்டம் இருந்திருந்தா அதுக்கு ரெண்டு ஸ்டார்னு அனுப்பியிருப்பேன், உங்க பேப்பரைப் பார்த்து நாலு பேர் எடுக்காம விட்டிருப்பாங்க. அதே இடத்துல "112ல நிறுத்திட்டேன், கிழவி வெத்தலை இடிக்கறதை பத்து பக்கம் எழுதறார்"னு போட்டிருந்தா வெத்தலை இடிக்கறதைப் படிக்க ஆசைப்படறவங்க எடுத்திருப்பாங்கல்ல, நானே பதினேழு வருஷம் காத்திருக்காம எடுத்திருப்பேனோ என்னவோ.

அதனால கேக்கறது இதுதான். எண்ணிக்கை கேளுங்க, ஸ்டாரும் வேணும்னா வச்சுக்கோங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு அது ஒரு உற்சாகம். ஆனா கூடவே பாதியில விட்ட புத்தகம் எது, எந்தப் பக்கம், ஏன்னு ஒரு கட்டம் போடுங்க. யாரும் வெக்கப்பட வேண்டாம்னு ஒரு வரியும் சேர்த்துக்கோங்க. அப்புறம் உங்க மதிப்புரையில பக்கமும் விலையும் போடறீங்க, எழுத்து என்ன சைஸ்னும் போட்டா என் வயசுக்காரங்களுக்கு உபகாரமா இருக்கும்.

இந்த வருஷத்துக்கு என்னோடது: முடிச்சது 31, இதுல அஞ்சு பாகம் இருக்கறதை ஒண்ணாத்தான் எண்ணியிருக்கேன். விட்டது மூணு. ஒண்ணு 20ம் பக்கம், எல்லாரும் ஒரே மாதிரி பேசறாங்க. ஒண்ணு 140, பேத்தி கிழிச்சுட்டா. இன்னொண்ணு 88, கண்ணாடி பவர் மாறிடுச்சு, புது கண்ணாடி வந்ததும் 89ல இருந்து ஆரம்பிக்கணும்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி,
முசிறி